மலைவீட்டில் பாம்பு மைட்: ஃபிப்ரோனில் ஸ்பிரே எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பால் பைத்தானோ (ball python) கார்ன் ஸ்நேக்கோ (corn snake) வளர்ப்பவர்களுக்கு, பாம்பின் இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணியான மைட் வந்துவிட்டால் பெரும்பாலும் கைக்கு எட்டுவது ஒரே மருந்துதான். நாய், பூனை உண்ணிக்காகச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் 0.25 சதவீத ஃபிப்ரோனில் ஸ்பிரே. ஃப்ரன்ட்லைன் ஸ்பிரே இந்த வகையில் பழைய பெயர். அதே அளவு மருந்துள்ள வேறு கம்பெனிக் குப்பிகளும் உண்டு. மருந்து கேட்கிறதா என்றால், கேட்கிறது. ஆனால் மைட் ஒழிப்பில் அது மூன்றில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்யும். மீதி இரண்டு பங்கு பெட்டியைக் காலி செய்து கழுவுவதிலும், நாள் கணக்குத் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்வதிலும் இருக்கிறது. மலையில் அந்த நாள் கணக்கு சமவெளியைவிட நீளம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் "இரண்டு வாரம் போதும்" என்ற ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால், ஒன்றரை மாதம் கழித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் மறுபடியும் கறுப்புப் புள்ளிகள் மிதக்கும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது சட்டப்படி வைத்திருக்கும் வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டுமே. மலைப்பாம்பு, சாரை, நல்லபாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அந்தச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பால் பைத்தான் போல சைட்டிஸ் (உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத பாம்புக்கு மைட் வந்தால், டாக்டரிடம் கொண்டுபோகவே பயந்துகொண்டு வீட்டிலேயே எதையாவது பூசிப் பார்ப்பார்கள். கடைசியில் கஷ்டப்படுவது பாம்புதான்.

பாம்பைப் பிடிக்கும் மைட்டின் அறிவியல் பெயர் ஓஃபியோனிஸஸ் நேட்ரிஸிஸ். சிற்றுண்ணி இனம். இரத்தம் குடித்த பெண் மைட் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கறுப்பாக, உருண்டையாக, கிட்டத்தட்ட ஒரு கசகசா. இரத்தம் குடிக்காதது வைக்கோல் நிறத்தில் அதில் பாதிதான். கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாது. 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை ஒன்று முதல் நான்கு நாளில் பொரியும். வெளிவரும் குஞ்சு எதையும் குடிக்காமல் ஒன்றிரண்டு நாளில் தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போகும். அந்தப் பருவத்துக்குத்தான் இரத்தம் கட்டாயம். கிடைத்தால் சில நாளில் வளர்ந்துவிடும். கிடைக்காவிட்டாலும் சாகாது, ஏதாவது இடுக்கில் மூன்று நான்கு வாரம் வரை காத்துக் கிடக்கும். அதற்கடுத்த பருவமும் ஒரு நாள் பட்டினிப் பருவம்தான், பிறகு முழு மைட். முழு மைட் ஒரு மாதத்துக்கு மேல் வாழும். பெண் மைட் தன் ஆயுளில் அறுபது, எண்பது முட்டை வரை இடும். அந்த முட்டை பாம்பின் உடம்பில் இருக்காது. இருட்டான, ஈரமான, பெட்டியின் மேல்பக்க இடுக்குகளில் இருக்கும்.

மலைவீட்டுச் சிக்கல் இந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது. பெட்டிக்குள் ஹீட் மேட் (அடியில் சூடு தரும் மின்விரிப்பு) பக்கம் 31 டிகிரி. அங்கே மைட் முழு வேகத்தில் பெருகும். பெட்டிக்கு வெளியே, அலமாரிப் பலகையின் அடியில், ஜனவரி ஊட்டியில் 12 டிகிரிகூட இருக்காது. அங்கே ஊர்ந்து போன மைட்டுக்கும் அது இட்ட முட்டைக்கும் எல்லாமே மெதுவாக நடக்கும். பெட்டியை இரண்டு வாரத்தில் சுத்தமாக்கிவிடலாம். வெளியே தூங்கிக்கொண்டிருப்பது அதற்குப் பிறகு வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியிலும், அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலிலும் சுவரே வியர்க்கிற ஈரம் இருக்கும். காய்ந்த காற்றில் சுருங்கிச் செத்துப்போகும் மைட்டுக்கு இந்த ஈரம் வரப்பிரசாதம்.

வந்திருக்கிறதா என்று பார்ப்பது

பாம்பு வழக்கத்தைவிட அதிக நேரம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தால் முதல் சந்தேகம் மைட் மேல்தான் விழ வேண்டும். சட்டை உரிக்கப்போகும் பாம்பும் தண்ணீரில் கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கண் மங்கலாகப் பால்போல வெளுத்திருக்கும். கண் தெளிவாக இருந்தும் தண்ணீரைவிட்டு வரவில்லை என்றால் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் கசகசா தூவியது போலக் கிடக்கும். அதில் ஒன்றிரண்டு கால் உதைக்கும்.

அடுத்தது தலை. ஒருவர் பாம்பைத் தளர்வாகத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கும். அந்தச் செதிலும் சுற்றுச் செதில்களும் சேரும் விளிம்பு சீராக இல்லாமல் ஒரு இடத்தில் லேசாகத் தூக்கினாற்போலத் தெரிந்தால், அங்கே மைட் தலையைப் புதைத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் வெளியே விட்டிருக்கிறது. பிறகு தாடையைத் தூக்கி, அடியில் நீளவாக்கில் ஓடும் நடுப்பள்ளத்தைப் பாருங்கள். பால் பைத்தானுக்கு மேலுதட்டு ஓரத்தில் வரிசையாக வெப்பம் உணரும் குழிகள் இருக்கும்; அதற்குள்ளும் பாருங்கள். கழிவுத் துளையின் மடிப்பு கடைசி. மேலே செதில்களில் திருநீறு தூவினாற்போல வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது மைட்டின் கழிவு. இவ்வளவுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூவைக் கழுத்திலிருந்து வால்வரை லேசாக அழுத்தி ஓட்டுங்கள். சிவப்போ கறுப்போ புள்ளி ஒட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அலட்சியமாக விட்டால் இரத்தசோகை வரும், சட்டை துண்டு துண்டாக உரியும், பாம்பு சாப்பாட்டை நிறுத்தும். ஏரோமோனாஸ் போன்ற கிருமிகளை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு மைட் கடத்துகிறது என்ற சந்தேகமும் நெடுநாளாக உண்டு. வளர்ப்பவர் கையிலும் கடிக்கும். சிறு சிறு சிவப்புத் தடிப்பாக வரும், அரிக்கும்.

குப்பியைப் பற்றி

இந்த ஸ்பிரே பாம்புக்கு என்று அனுமதி பெற்ற மருந்து அல்ல. லேபிளில் நாயும் பூனையும் மட்டும்தான். ஊர்வன பார்க்கும் டாக்டர்கள் பல நாடுகளில் இதைப் பாம்புக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே நமக்குள்ள ஆதாரம். அதனால் முதல் தடவையாவது டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மலையில் ஊர்வன பார்க்கும் டாக்டர் அமைவது அரிது. நீலகிரிக்காரர்கள் கோவைக்கும், கொடைக்கானல்காரர்கள் மதுரைக்கும் இறங்க வேண்டியிருக்கும். படத்தையும் எடையையும் அனுப்பிப் போனில் கேட்டுக்கொள்வதாவது அவசியம்.

வாங்கும்போது சதவீதத்தைப் படியுங்கள். இதில் நடக்கும் தவறு உயிர்த் தவறு. நாயின் பிடரியில் சொட்டுவிடும் சிறு குப்பிகளிலும் ஃபிப்ரோனில்தான் இருக்கிறது, ஆனால் 9.8 சதவீதம், ஸ்பிரேயைவிடக் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. உரக்கடையில் பயிருக்கு விற்பது 5 சதவீதம், அதாவது இருபது மடங்கு, அதோடு பயிர் மருந்துக்கான வேறு சேர்மானங்களும் இருக்கும். தண்ணீர் கலந்து நீர்க்கவைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பம்பின் அளவும் குப்பிக்குக் குப்பி மாறும். ஃப்ரன்ட்லைனில் 100 மில்லி குப்பி ஒரு அழுத்துக்கு அரை மில்லி விடும். 250 மில்லி குப்பி ஒன்றரை மில்லி விடும். "நாலு அழுத்து" என்று யாரோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பெரிய குப்பியை எடுத்தால் மூன்று மடங்கு மருந்து போய்விடும். ஒரு பாம்பு வைத்திருப்பவருக்கு 100 மில்லியே தாராளம். ஒரு சுற்றுக்குப் பாம்புக்கும் பெட்டிக்கும் சேர்த்து இருபது அழுத்து, 10 மில்லி. நான்கு சுற்றுக்கு 40 மில்லிக்கு மேல் ஆகாது.

இந்த ஸ்பிரேயின் பெரிய குறை அதில் உள்ள ஐசோப்ரொபைல் ஆல்கஹால். இரண்டு வகையில் ஆபத்து. ஒன்று, மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியைப் பாம்பு சுவாசிப்பது. இரண்டாவது மலைவீடுகளுக்கே உரியது: தீப்பிடிக்கும். குளிருக்கு ரூம் ஹீட்டரின் கம்பி சிவக்க எரிந்துகொண்டிருக்கும் அறையிலோ, கணப்பு மூட்டிய அறையிலோ இந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது. அறையை முன்கூட்டியே சூடாக்கி, ஹீட்டரை அணைத்து, கம்பி ஆறிய பிறகுதான் ஸ்பிரேயை எடுக்க வேண்டும். மருந்தைத் துணியில் அடிப்பதை வராந்தாவில் செய்துவிட்டு உள்ளே வருவது இன்னும் நல்லது.

வீட்டில் முயல் இருந்தால் இந்தக் குப்பி அதன் பக்கமே போகக் கூடாது. ஃபிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும். தேனீக்கும் மீனுக்கும் நஞ்சு. துடைத்த துணியை ஓடையில் அலசாதீர்கள், கழுவிய தண்ணீரைத் தோட்டத்துப் பூச்செடிக்கு ஊற்றாதீர்கள்.

முதல் நாள் வேலை

மின்தடை வராத நாளாகப் பாருங்கள். பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போவது இங்கே சகஜம். நனைந்த பாம்பு சூடில்லாத பெட்டியில் இரவைக் கழித்தால், மைட் போய் நுரையீரல் தொற்று வந்து நிற்கும். ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று கைவசம் இருக்கட்டும். தேவைப்பட்டால் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளிப்பக்கமாக ஒட்டி வைக்கலாம்.

பாம்பை மாற்றி வைக்க மூடி போட்ட, காற்றுத் துளையிட்ட வழவழப்பான பிளாஸ்டிக் டப் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அடியில் செய்தித்தாள் அல்லது வெள்ளை டிஷ்யூ, பதுங்க ஒரு அட்டைப் பெட்டி, அடியில் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட். வேறு எதுவும் வேண்டாம். வெள்ளைக் காகிதம் நல்லது; விழும் மைட் கண்ணில் படும்.

அடுத்து வெதுவெதுப்பான குளியல். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி, பாம்பின் உடல் தடிமனில் பாதி உயரம், 20 முதல் 30 நிமிடம். ஊட்டியில் பேசின் தண்ணீர் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு, பாம்பை ஓரமாக ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தெர்மாமீட்டரைப் பாருங்கள். கை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிரில் விறைத்த கைக்கு 25 டிகிரியே சூடாகத் தெரியும். பாம்பைத் தனியே விட்டுப் போகக் கூடாது. உடம்பிலிருக்கும் மைட்டில் ஒரு பகுதி இதிலேயே மூழ்கிச் சாகும். மீதி தலைக்கு ஏறும்.

தலைக்கு ஏறியதை எண்ணெய் தொட்ட காட்டன் பட்ஸால் எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே உதவாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கண்ணோரத்தில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினே சரி. பட்ஸில் ஒரு சொட்டு. கண் விளிம்பிலும் தாடைப் பள்ளத்திலும் உருட்டினாற்போல ஓட்டி, அதிகப்படியை உலர்ந்த பட்ஸால் ஒற்றி எடுங்கள். மூக்குத் துளையிலும் வாயிலும் படக் கூடாது.

ஸ்பிரே எப்படி

பாம்பின் மேல் நேராக அடிக்கக் கூடாது. நாய்க்கு அடிப்பதைப் பார்த்துவிட்டு அதையே பாம்புக்கும் செய்வதுதான் மிகப் பெரிய தவறு. பழைய பருத்தித் துணியில், ஒரு மீட்டர் பாம்புக்கு நான்கு அழுத்து, அதாவது 2 மில்லி. பிழிந்தால் சொட்டக் கூடாது. ஈரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, ஆல்கஹால் வாடை குறைய அரை நிமிடம் விட்டு, கழுத்திலிருந்து வால் நோக்கிச் செதிலின் போக்கிலேயே ஒரு முறை துடையுங்கள். எதிர்ப்போக்கில் துடைத்தால் மருந்து செதிலுக்கடியில் தேங்கும். கழுத்துக்கு மேலே இந்தத் துணி போகவே கூடாது. அடிவயிற்றுக்குத் தனியாக மருந்து வேண்டாம்; துணியில் மிஞ்சிய ஈரமே போதும்.

ஐந்து நிமிடம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரால் உடம்பைக் கழுவி, துண்டால் நன்றாக ஒற்றி உலர்த்தி, டப்பில் விடுங்கள். கழுவுவது மருந்தை வீணாக்குவது போலத் தோன்றும். உடம்பில் நிற்கும் மருந்து பாம்பின் தோல் வழியே உள்ளே போகும் என்பதால்தான் இது. நீடித்து நின்று கொல்லும் வேலையைப் பெட்டியில் அடிக்கும் மருந்து பார்த்துக்கொள்ளும். அன்று முழுவதும் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டாம்; மருந்து மிச்சத்தோடு பாம்பு அதில் இறங்கிக் கிடந்து அதையே குடிக்கும். மறுநாள் வையுங்கள்.

சட்டை உரிக்கும் நிலையில் உள்ளதற்கும், மிகச் சிறிய குட்டிக்கும், சினையாக உள்ளதற்கும், இரத்தசோகையில் வாய் உள்பக்கம் வெளுத்துச் சோர்ந்து கிடப்பதற்கும் இதைச் செய்யக் கூடாது. அவற்றுக்குக் குளியலும் எண்ணெயும் காகிதம் மாற்றுவதும் மட்டும். மற்றதை டாக்டர் சொல்லட்டும்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடல் நடுங்கும், தலை தள்ளாடும், மல்லாக்கத் திருப்பினால் தானாகத் திரும்பத் தெரியாது, வாயில் கோழை கட்டும். உடனே வெதுவெதுப்பான நீரில் திரும்பக் கழுவி, காற்றோட்டமான, சூடான இடத்தில் வைத்துவிட்டு டாக்டரை அழையுங்கள். பால் பைத்தானில் ஸ்பைடர் என்ற வகைக்குப் பிறவியிலேயே தலை ஆட்டம் உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால், மருந்துக்கு முன்பே ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மருந்தின் நடுக்கமா, பழைய ஆட்டமா என்று பிரித்தறிய முடியாது.

பெட்டிதான் போர்க்களம்

பாம்பு டப்பில் இருக்கும்போதே பழைய பெட்டியைக் காலி செய்யுங்கள். தேங்காய் நார்த்தூள், மரச்சீவல், பாசி எதுவாக இருந்தாலும் இறுக்கிக் கட்டி அன்றே அகற்ற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொட்டுவதும், சோலை ஓரமாக வீசுவதும் கூடவே கூடாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் கேடயவால் பாம்பு போல வேறெங்கும் இல்லாத இனங்கள் மண்ணுக்கடியில் வாழ்கின்றன. வளர்ப்புப் பாம்பின் மைட்டையும் அது சுமக்கும் நோயையும் அவற்றின் வாசலில் கொண்டுபோய்க் கொட்ட நமக்கு உரிமை இல்லை. எரிக்க முடிந்தால் எரித்துவிடுங்கள்.

கிண்ணம், கல் போன்றவற்றின் மேல் கொதிநீர் ஊற்றலாம். மரக்கிளை, கார்க் பட்டை என்றால் மூன்று நாள் ஃப்ரீஸரில் வைப்பதைவிடத் தூக்கிப் போடுவது நிம்மதி. உறைபனி இரவில் வெளியே வைத்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். விடிந்து வெயில் வந்ததும் எல்லாம் உருகிவிடும், பட்டையின் உட்பக்கம் அந்த அளவு குளிர்ந்தே இருக்காது.

காலிப் பெட்டியைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, முழுதும் காய்ந்த பிறகு ஸ்பிரே. கண்ணாடிப் பரப்பில் அடிப்பது வீண். மூடியின் உள்விளிம்பு, நகரும் கதவின் பள்ளம், சிலிக்கான் ஒட்டிய மூலைகள், ஹீட் மேட் வயர் நுழையும் ஓட்டை, பெட்டி நிற்கும் பலகையின் அடிப்பக்கம்: முட்டை இங்கேதான். இருபதில் மீதியுள்ள பதினாறு அழுத்தையும் இந்த இடங்களுக்கே செலவழியுங்கள். பிறகு திறந்து வைத்து 24 மணி நேரம் காயட்டும். ஜூலை மாதக் குன்னூரில் இரண்டு நாள் விடுவது நல்லது. ஆல்கஹால் பறந்துவிடும், ஆனால் மூலையில் தங்கிய கழுவுநீர் காயாது. மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, எந்த வாடையும் இல்லை என்றால் மட்டுமே பாம்பு உள்ளே போகலாம்.

அலமாரியின் நான்கு கால்களிலும் டபுள் சைட் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். ஊர்ந்து போகும் மைட் அதில் ஒட்டும். வெளியே எவ்வளவு உலவுகிறது என்று உங்களுக்குக் கணக்குக் காட்டும் கருவி இதுதான்.

இரண்டாவது சுற்று ஏழு முதல் பத்து நாளில். மூன்றாவதும் அதே இடைவெளியில். சமவெளியில் பலர் இதோடு நிறுத்துவார்கள். இங்கே நான்காவது சுற்றைப் பெட்டிக்கும் பலகைக்கும் மட்டும் செய்யுங்கள், பாம்புக்கு வேண்டாம். கடைசி மைட்டைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் காகிதப் படுக்கையிலேயே வைத்திருங்கள். காகிதத்தை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் பிரச்சினை மைட்டோடு நிற்கவில்லை என்று பொருள்.

மலையில் புழங்கும் மற்ற வைத்தியங்கள்

நீலகிரித் தைலத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. சளிக்கும் தலைவலிக்கும் கேட்கிறது, பூச்சியும் அண்டாது. இயற்கையான பொருள்தானே என்று பாம்புப் பெட்டியில் பஞ்சில் நனைத்து வைப்பவர்கள் உண்டு. தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் எளிதில் ஆவியாகும். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. எரிச்சலூட்டும் ஆவியை நம்மைப் போல இருமித் தள்ள அதற்கு வழியில்லை. பெரும்பாலான பாம்புக்கு வேலை செய்வது ஒரே நீளமான நுரையீரல். மைட் சாகும் அளவுக்குத் தைலம் வைத்தால் பாம்புக்கும் ஆபத்து. யூகலிப்டஸ் இலையும் பட்டையும், பைன் சீவலும் படுக்கையாகப் போடுவதும் இதே காரணத்தால் வேண்டாம். கற்பூரம், அந்துருண்டை இரண்டும் அதைவிட மோசம்.

தேயிலைத் தோட்டத்து மருந்து அடுத்தது. சிவப்புச் சிலந்திக்கு அடிக்கும் மருந்தும் "மைட் மருந்து" என்ற பெயரில்தான் புழங்குகிறது. அது இலைச்சாற்றை உறிஞ்சும் வேறு இனத்துக்கு, இலை மேல் அடிக்கச் செய்த கலவை. பெயர் ஒன்று என்பதற்காகப் பாம்புப் பெட்டிக்குள் கொண்டுவர முடியாது. மாட்டு உண்ணிக்கு விற்கும் அமிட்ராஸ், சைபர்மெத்ரின் கரைசல்களும் அப்படியே.

ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து கால்நடை மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைப்பதால் ஆசை வரும். மருந்து மோசமில்லை, அளவுதான் ஆபத்து. பாம்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கடையில் கிடைப்பது ஒரு சதவீதம், அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரு கிலோ பாம்புக்கு 0.02 மில்லி; ஒரு மில்லி சிரிஞ்சில் இரண்டே இரண்டு சிறு கோடு. கை கொஞ்சம் நழுவினால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு. பால் பைத்தானுக்கு நரம்புக் கோளாறு வந்த செய்திகளும் உண்டு. ஆமை இனத்துக்கு இது உயிர்க்கொல்லி. வீட்டில் ஆமையும் இருந்தால் அந்த மருந்து பட்ட கையே அதைத் தொடக் கூடாது. டாக்டர் நீர்க்கவைத்துத் தன் கையால் போட்டால் மட்டும் சரி.

டைகுளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஊறிய பிளாஸ்டிக் பட்டையைப் பெட்டிக்குள் தொங்கவிடும் பழைய முறையைக் கைவிட்டுவிடுங்கள். நரம்பைத் தாக்கும் நஞ்சு அது, மனிதருக்கும்தான்.

சோப்பு அடிப்படையில் வரும் "நேச்சுரல்" ஸ்பிரேக்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. நேரே பட்ட மைட் சாகும், காய்ந்த பிறகு எந்த வேலையும் செய்யாது. ஃபிப்ரோனில் தாங்காத குட்டிக்கும் நோயாளிக்கும் அதுவே நல்ல துணை. தினமும் அடிக்கும் பொறுமை வேண்டும். மைட்டைத் தின்னும் மைட்டை விடுவது வெளிநாடுகளில் பெருகிவரும் நல்ல வழி. ஆனால் ஃபிப்ரோனில் அடித்த பெட்டியில் அவையும் செத்துவிடும், ஆகவே இரண்டில் ஒன்றுதான்.

வராமல் பார்த்துக்கொள்ள

புதுப் பாம்பு வந்தால் வேறு அறையில், காகிதப் படுக்கையில், 90 நாள். சமவெளியில் 60 நாள் என்பவர்களும் உண்டு. குளிர் அறைக்கு அது போதாது. தினமும் பழைய பாம்பை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியாக. கொக்கி, இடுக்கி, துண்டு எல்லாம் தனித்தனி. பாம்பு விற்கும் இடத்துக்கோ வேறொருவர் வீட்டுக்கோ போய்வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு, குளித்த பிறகுதான் பெட்டியைத் தொட வேண்டும். இந்தக் குளிரில் ஒரே ஸ்வெட்டரை வாரம் முழுக்கப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கம்பளி நூலின் சந்து மைட்டுக்கு நல்ல வாகனம். உயிருள்ள எலியைக் கடையிலிருந்து வாங்கித் தருவதைவிட உறைந்த எலியை உருக்கித் தருவது இந்த வகையிலும் பாதுகாப்பு.

காட்டில் கிடைத்த பட்டை, பாசி, சருகு எதையும் அழகுக்காகப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எடுப்பதே வனச்சட்டப்படி தவறாக இருக்கலாம் என்பதோடு, அதில் எந்தப் பாம்பு நேற்றுப் படுத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்.

மிஞ்சிய 60 மில்லி ஸ்பிரேயை மூடி இறுக்கி, நிமிர்த்தி, அடுப்புக்கும் கணப்புக்கும் எட்டாத இருட்டு அலமாரியில் வையுங்கள். குப்பி மேல் "கழுத்துக்கு மேலே வேண்டாம், துணியில் மட்டும், 4 அழுத்து" என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அதை எடுப்பது வீட்டில் வேறொருவராக இருக்கலாம்.